புது லேப்டாப்பில் ரேமும் ஸ்டோரேஜும்: கடையிலேயே முடிவு செய்ய வேண்டியது எது, பிறகு கூட்டிக்கொள்ளக்கூடியது எது

“அண்ணாச்சி, இதுல ரேம் எத்தனை?”

“எட்டு ஜிபி. இப்போதைக்கு இது போதும் தம்பி. வேணும்னா பொறவு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடலாம்.”

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைக் கடையில் ஏறினாலும் ஜங்ஷன் கடையில் ஏறினாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பத்து வருடத்துக்கு முன்பு இது சரியான பதில்தான். அன்றைக்குப் பெரும்பாலான லேப்டாப்பில் அடிமூடியைக் கழற்றினால் ரேம் செருகுவதற்கு இடம் இருந்தது. இன்றைக்கு மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் சிப்புகளை மெஷினின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் எத்தனை ஜிபியோ, அந்த மெஷின் ஓயும் நாள்வரை அத்தனைதான். அதில் ‘பொறவு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் சேரும் பிள்ளைக்காக நகையை அடகு வைத்து லேப்டாப் வாங்கித் தருகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்த மெஷின் படிப்பு முடியும் வரையாவது தடையில்லாமல் ஓட வேண்டும். அதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ரேமைக் கடையிலேயே தேவைக்கு முழுதாக முடிவு செய்யுங்கள், கையில் பணம் இடித்தால் ஸ்டோரேஜில் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜைக் கூட்டப் பிறகும் வழி உண்டு. இந்த வரிசை மாறிப்போகும் இடங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

ரேம் எது, ஸ்டோரேஜ் எது

பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு வைத்திருக்கும் முன் மேசை ரேம். மூட்டைகள் அடுக்கியிருக்கும் பின்கட்டுக் குடோன் ஸ்டோரேஜ். மேசை சின்னதாக இருந்தால் பருப்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் சீனியை எடுத்துவர முடியும். விண்டோஸும் இதைத்தான் செய்கிறது. ரேம் நிறைந்ததும், அந்த நேரத்தில் பயன்படாத பகுதிகளை எஸ்எஸ்டியில் (இன்றைய லேப்டாப்பில் ஸ்டோரேஜாக இருக்கும் சிப் வகை) உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. எத்தனை வேகமான எஸ்எஸ்டியும் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. குரோமில் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை ஒரு நொடி உறைந்து நிற்கிறதே, அது இந்த அலைச்சலால்தான்.

மெஷினை அணைத்தால் மேசை காலியாகும், குடோன் அப்படியே இருக்கும். கடையில் பேசும்போது ‘மெமரி’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். ‘512 ஜிபி மெமரி’ என்று ஸ்டிக்கரில் இருந்தால் அது ஸ்டோரேஜைத்தான் குறிக்கிறது. ரேம் எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

யாருக்கு எத்தனை ஜிபி ரேம்

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸ் ஏறி நிற்பதற்கான அளவுதான் அது. வேலை செய்வதற்கு அது காணாது. 8 ஜிபி மெஷினில் ஒன்றையும் திறக்காமலே 3.5 முதல் 4.5 ஜிபி வரை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். மிச்சமிருக்கும் 3 ஜிபி சொச்சத்துக்குள் பத்து டேப் திறந்த குரோம், வேர்டு, வாட்ஸ்அப், ஒரு வீடியோ வகுப்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

கடைக் கணக்கு, டேலி, பில் போடுவது, இ-சேவை விண்ணப்பங்கள், கலை அறிவியல் படிப்பு, பள்ளி ஆசிரியரின் வேலை: இவற்றுக்கு 8 ஜிபி இன்றைக்கு ஓடும். ஆனால் அந்த மெஷினில் ரேம் செருகும் இடமான ஸ்லாட் ஒன்றாவது காலியாகவோ மாற்றக்கூடியதாகவோ இருக்க வேண்டும். ஸ்லாட்டே இல்லாமல் பற்றவைத்த 8 ஜிபியை இனி யாரும் வாங்க வேண்டாம். எந்தத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பொறியியல், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும், வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ வீட்டில் உட்கார்ந்து ஐடி வேலை பார்ப்பவர்களுக்கும் 16 ஜிபிதான் தொடக்கம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (கணினிக்குள்ளேயே ஓடும் மாதிரிப் போன்) திறந்தால் 8 ஜிபி மெஷின் அந்த இடத்திலேயே திணறும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், வர்ச்சுவல் மெஷின் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். மைக்ரோசாஃப்ட் 2024இல் கொண்டுவந்த கோபைலட் பிளஸ் வகை லேப்டாப்புகளுக்கு 16 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் குறைந்தபட்ச நிபந்தனை. ஆப்பிளும் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரை 16 ஜிபியிலிருந்து தொடங்கும்படி மாற்றியது. தொழில் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு 32 ஜிபி. டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு 16 ஜிபியும், அதில் ஃபியூஷன் பகுதியைப் பயன்படுத்தினால் 32 ஜிபியும் வேண்டுமென்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். போட்டோஷாப் மட்டும் என்றால் 16 ஜிபி தாராளம்.

64 ஜிபி தேவைப்படுகிறவருக்கு அது தேவை என்பது ஏற்கனவே தெரிந்திருக்கும். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல திரைக்குச் செலவழிக்கலாம்.

பற்றவைத்ததா, செருகுவதா

இதுதான் முழு விஷயத்தின் அச்சாணி. லேப்டாப் ரேம் மூன்று விதமாக வருகிறது.

ஒன்று, இரண்டு ஸ்லாட் உள்ளது. ரேம் குச்சி ஒவ்வொன்றையும் கழற்றலாம், மாற்றலாம். கேமிங் லேப்டாப், கனமான ஆபீஸ் மாடல்களில் இது அதிகம். இரண்டு, போர்டில் கொஞ்சம் பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் தருவது. 8 ஜிபி போர்டில், ஒரு ஸ்லாட் காலி என்பது நடுத்தர விலையில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு. மூன்று, முழுவதும் பற்றவைத்தது. ரேமின் பெயர் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5, எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று ‘எல்பி’யில் தொடங்கினால் அநேகமாக இந்த மூன்றாவது வகைதான். மேக்புக் எல்லாம் இதில் சேர்த்தி.

பற்றவைத்த ரேம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அது மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் நன்றாக இருக்கும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். அளவைக் கூட்ட முடியாது என்பதும், ஒரு சிப் போனால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள் என்பதும்தான் அதிலுள்ள சங்கடம். ஆகவே பற்றவைத்த மாடல் பிடித்திருந்தால் தயங்காமல் வாங்கலாம், ஆனால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

முன்பெல்லாம் குறைந்த ரேம் உள்ள மாடலை வாங்கி, தனியாக ஒரு குச்சி வாங்கிப் போடுவது லாபம் என்று கணக்குப் போடுவார்கள். 2025 கடைசியிலிருந்து அந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போவதால் உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது, எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கடையில் இரண்டு விலை கேளுங்கள்: ஒரே மாடலில் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் என்ன வித்தியாசம், தனியாக ஒரு 8 ஜிபி குச்சி என்ன விலை. முதல் தொகை குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 16 ஜிபி மாடலை எடுங்கள்.

ஒரு குச்சியா, இரண்டு குச்சியா

ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே சேனல் என்று சொல்லப்படும் பாதைகள் உண்டு. ஒரே குச்சி இருந்தால் பாதை ஒன்று, ஒத்த அளவில் இரண்டு இருந்தால் பாதை இரண்டு. டைப் அடிப்பதிலும் வலைப்பக்கம் பார்ப்பதிலும் வித்தியாசம் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் செய்தால் நன்றாகவே தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலையும் அதே பாதையில்தான் போகிறது.

அப்படியானால் 16 ஜிபிக்கு ஒரே 16 குச்சி வாங்குவதா, இரண்டு 8 வாங்குவதா? பின்னால் 32 ஆக்குவது உறுதி என்றால் ஒரு 16 குச்சி போட்டு இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். 16 தான் கடைசி என்றால் இரண்டு 8. போர்டில் 8 பற்றவைத்து, ஸ்லாட்டில் 16 போட்டு 24 ஆக்கினாலும் வேலை செய்யும்: முதல் 16 ஜிபி வரை இரண்டு பாதையிலும் மீதி 8 ஒரு பாதையிலும் ஓடும். அதில் குறை ஒன்றுமில்லை.

டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறைகளின் வேறுபாட்டில் நேரம் செலவழிக்க வேண்டாம். எதை ஏற்கும் என்பதை மதர்போர்டு முடிவு செய்துவிட்டது. டிடிஆர்4 லேப்டாப் குச்சிக்கு 260 பின், டிடிஆர்5க்கு 262 பின், நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், ஒன்று மற்றதில் நுழையாது. வேகம் வேறுவேறாக உள்ள இரண்டு குச்சிகளைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். வேகத்தைவிட அளவுக்கு முதலிடம் கொடுங்கள்.

ஸ்டோரேஜ் எவ்வளவு

512 ஜிபி என்று வாங்கி வந்த எஸ்எஸ்டி விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றிவிடவில்லை. தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள், விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே கணக்கில் 256 என்பது 238 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபி ஆகவும் தெரியும். அதிலிருந்து விண்டோஸ், ரெகவரி பகுதி, அப்டேட், கூடவே வரும் மென்பொருள்கள் போனால், 256 ஜிபி மெஷினில் முதல் நாளே கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 180 முதல் 190 ஜிபி. எஸ்எஸ்டியை முட்ட நிரப்பினால் எழுதும் வேகம் விழும், ஆயுளும் குறையும். 15 முதல் 20 சதவீதத்தை எப்போதும் காலியாக விடுங்கள். ஆக, 256இல் நிம்மதியாகப் பயன்படுத்தக் கூடியது 140 ஜிபி அளவுதான்.

ஆவணங்களும் பாடங்களும் மட்டும் என்றால் அதுவே போதும். சாதாரணமாக எல்லாருக்கும் பொருத்தமான அளவு 512. ஒன்றிரண்டு பெரிய விளையாட்டுகள் ஏற்றுகிறவர்கள் 1 டிபிக்குப் போகலாம், இன்றைய பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டிவிடுகிறது.

போட்டோ, வீடியோ தொழிலில் இருப்பவர்கள் ஊகத்தில் வாங்காமல் கணக்குப் போட்டு வாங்குங்கள். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் 6 மணி நேரப் பதிவு என்றால் 540 ஜிபி. ரா போட்டோ ஒன்று 30 எம்பி என்று வைத்தால் 2,000 போட்டோவுக்கு 60 ஜிபி. ஒரே முகூர்த்தம் 600 ஜிபியை விழுங்கிவிடுகிறது. ஆவணி, தை மாதங்களில் அடுத்தடுத்து முகூர்த்தம் வரும்போது எந்த லேப்டாப்பின் உள் ஸ்டோரேஜும் காணாது. இந்தத் தொழிலுக்கு உள்ளே 1 டிபி, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒரு வெளி எஸ்எஸ்டி, முடிந்த வேலையைச் சேர்த்துவைக்க ஹார்டு டிஸ்க் என்று மூன்று அடுக்கு வேண்டும்.

எந்த வகை ஸ்டோரேஜ்

இஎம்எம்சி என்ற சொல்லைப் பார்த்தால் விலகிவிடுங்கள். மலிவு லேப்டாப்புகளில் 64 அல்லது 128 ஜிபி அளவில் வரும், போர்டில் பற்றவைத்திருக்கும், மெதுவாக இருக்கும். மாற்றவும் முடியாது. ஸ்டோரேஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே சொன்னது இந்த வகைக்கும், ஸ்டோரேஜும் பற்றவைத்து வரும் மேக்புக் ஏர் போன்றவற்றுக்கும் பொருந்தாது. அங்கே ரேமைப் போலவே ஸ்டோரேஜையும் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

வேகத்தைப் படியாகச் சொன்னால், பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி, சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 550 எம்பி, பிசிஐஇ என்ற வேகப் பாதையின் 3ஆம் தலைமுறையில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டி 3,500 எம்பி, பிசிஐஇ 4 என்விஎம்இ 7,000 எம்பி வரை. காகிதத்தில் பெரிய வித்தியாசம். கையில் படுவது முதல் தாவல் மட்டும்தான். ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் மெஷின் புதிதாகப் பிறந்ததுபோல் இருக்கும். பிசிஐஇ 3க்கும் 4க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிய வீடியோக் கோப்புகளை அள்ளிக் கொட்டும்போது மட்டும் உணர்வீர்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அடுத்த அளவுக்குப் போவது நல்லது.

எஸ்எஸ்டியைத் தனியாக வாங்கும்போது டிஎல்சி, க்யூஎல்சி என்று இரண்டு சொல் வரும். க்யூஎல்சியில் ஒரு செல்லுக்குள் 4 பிட் அடைக்கிறார்கள், டிஎல்சியில் 3. க்யூஎல்சி விலை குறைவு. ஆனால் ஒரே மூச்சில் நூறு ஜிபிக்கு மேல் எழுதினால் வேகம் பாதாளத்துக்கு இறங்கும், எழுதுவதைத் தாங்கும் ஆயுளும் குறைவு. வீடியோக்காரர்கள் டிஎல்சி என்று கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உத்தரவாதம் பெரும்பாலும் 3 அல்லது 5 வருடம், அல்லது பெட்டியில் டிபிடபிள்யூ என்று போட்டிருக்கும் மொத்தம் எழுதக்கூடிய அளவு, இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை.

பிறகு கூட்டும் எண்ணம் இருந்தால், எஸ்எஸ்டி கார்டைச் செருகும் எம்.2 ஸ்லாட்டின் நீளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. 2242 மட்டும் கொள்ளும் லேப்டாப்புக்கு 2280 வாங்கிப் போனால் திருகாணி போடும் இடத்தையும் தாண்டிக் கார்டு நீண்டு மோதும். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா கார்டைப் போட்டால் மெஷின் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. நல்ல கார்டைக் கெட்டது என்று சொல்லிக் கடைக்கும் வீட்டுக்கும் அலைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடையில் பத்து நிமிடம்

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மாடலின் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பத்து வகை வரும், ஒன்றில் ஸ்லாட் இருக்கும், அடுத்ததில் இராது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, ‘ஆன்போர்டு’, ‘சோல்டர்டு’ (பற்றவைத்தது) என்று இருக்கிறதா, ‘எஸ்ஓ-டிஐஎம்எம் ஸ்லாட்’ (செருகுவது) என்று இருக்கிறதா, அதிகபட்ச ரேம் எத்தனை, எம்.2 ஸ்லாட் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் டெமோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால், வரைபடத்துக்குக் கீழே நான்கு வரி இருக்கும்: வேகம், பயன்படும் ஸ்லாட், ஃபார்ம் ஃபேக்டர், ஹார்டுவேர் எடுத்துக்கொண்ட அளவு. ஃபார்ம் ஃபேக்டருக்கு எதிரே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது. ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்று இருந்தால் செருகியது. ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பற்றவைத்த சிப்புகளையே ஸ்லாட்டாக எண்ணி ‘8இல் 8’ என்று காட்டும் மெஷின்கள் உண்டு. போர்டில் இல்லவே இல்லாத இரண்டாவது ஸ்லாட்டைக் காட்டுபவையும் உண்டு. தாளில் எழுதிய விவரத்தோடு பொருந்தினால்தான் அது உண்மை.

அதே இடத்தில் டிஸ்க் பகுதியைத் தொட்டால் எஸ்எஸ்டியின் மாடல் பெயர் தெரியும். அதைப் போனில் தேடினால் என்விஎம்இயா, எந்த வகை என்பது வந்துவிடும்.

விளம்பரத்தில் ‘8 ஜிபி + 8 ஜிபி விர்ச்சுவல்’ என்று இருந்தால் ரேம் 8தான். அந்த விர்ச்சுவல் என்பது மேலே சொன்ன பேஜ் ஃபைல். ‘ஒரு டிபி கிளவுடு இலவசம்’ என்பதும் இன்டர்நெட் இருக்கும்வரை, சந்தா முடியும்வரை மட்டும்.

கடைக்காரரே ரேம் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னால், மூடியைத் திறப்பதால் உத்தரவாதம் போகுமா என்று கேட்டு, சேர்த்த குச்சியின் சீரியல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட முறையான பில் இல்லாவிட்டால் பிற்பாடு சர்வீஸ் சென்டரில் பேசுவதற்குப் பிடிமானம் இருக்காது.

நீங்களே மாட்டுவதானால்

முதல் வேலை டிஸ்க் பூட்டைப் பார்ப்பது. விண்டோஸ் 11 பல லேப்டாப்பில் டிவைஸ் என்கிரிப்ஷனைத் தானாகவே போட்டுவிடுகிறது. உள்ளே கைவைத்த பிறகு சில சமயம் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதிவையுங்கள். அது இல்லாமல் போனால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத்தர முடியாது.

ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடித் திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவையுங்கள். நீளமான திருகாணி தவறான துளையில் ஏறினால் மேல்பக்கம் கீபோர்டைத் துளைத்துவிடும். மூடியைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள், கத்தி வேண்டாம். திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஒரு இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுக் கையை வையுங்கள்.

ரேம் குச்சியை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பல்வரிசையில் விரல் படக்கூடாது. வெட்டைப் பொருத்தி, 30 டிகிரி அளவு சாய்த்து, தங்க வரிசை ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று கவ்வும். ஒரு பக்கம் மட்டும் கவ்வினால் எடுத்து மறுபடி செருகுங்கள், பலம் கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டியும் இதே மாதிரி சாய்வாகப் போய், நுனியில் ஒரு சின்னத் திருகாணியில் உட்காரும். காலி ஸ்லாட் உள்ள பல லேப்டாப்பில் அந்தத் திருகாணி வருவதில்லை. எஸ்எஸ்டி வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். சூட்டைத் தணிக்கும் தடித்த ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டி டெஸ்க்டாப்புக்கானது, லேப்டாப் மூடி மூடாது.

பேட்டரியை இணைத்து முதல்முறை போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள். புது ரேமை மெஷின் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடம் தாண்டியும் வெளிச்சம் வரவில்லையென்றால் அணைத்து, ரேமைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பத்தில் ஒன்பது பிரச்சினை சரியாக உட்காராததுதான். அப்படியும் வரவில்லையென்றால் ஒவ்வொரு குச்சியாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள், எது பழுது என்று பிடிபடும். ஓடத் தொடங்கியதும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் குச்சியைத் திருப்பிக் கொடுங்கள். ரேமில் ‘சின்னப் பிழை’ என்று ஒன்று கிடையாது, அது ஒருநாள் கோப்பைக் கெடுக்கும்.

கூடுதலாகப் போட்ட எஸ்எஸ்டி திஸ் பிசியில் தெரியாவிட்டால் அது கெட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸ் சாவியோடு எக்ஸை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஜிபிடி என்று தேர்ந்து தொடக்கம் கொடுத்து, காலி இடத்தில் வலது கிளிக் செய்து புது வால்யூம் உருவாக்குங்கள். அங்கேயும் தெரியாவிட்டால்தான் கார்டையோ ஸ்லாட் வகையையோ சந்தேகப்பட வேண்டும்.

பாளையங்கோட்டை, கோடையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் ஊர். அந்தச் சூட்டில் மெத்தை மேலும் தலையணை மேலும் லேப்டாப்பை வைத்து வேலை செய்தால் அடியில் உள்ள காற்று வழி அடைபட்டு, எஸ்எஸ்டி 70 டிகிரியைத் தாண்டும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பெரிய கோப்பு நகல் எடுக்கும்போது பாதியில் வேகம் விழுகிறதென்றால் முதலில் பலகை மேசைக்கு மாற்றிப் பாருங்கள்.

பழைய மெஷின் வீட்டில் இருந்தால்

2011 முதல் தமிழக அரசு தந்துவந்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் உள்ளவை. அதற்குப் பதில் இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, இலகுவான லினக்ஸ் ஏற்றினால் தட்டச்சுப் பழக, தமிழில் எழுத, பாட வீடியோ பார்க்க இன்னும் உதவும். அவற்றில் விண்டோஸ் 11 ஏற்ற ஆசைப்பட வேண்டாம். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே அதற்கு ஆதரவில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பழையதை விலைக்கு வாங்குபவர்கள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கிய சதவீதமும் ஓடிய மணி நேரமும் வரும். 90க்குக் கீழே இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், 70க்குக் கீழே என்றால் எஸ்எஸ்டிக்கு விலையே போடாதீர்கள்.

நகல்

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பக்கம் வீடு, கடை என்று தண்ணீர் நின்றது. அப்படி ஒரு நாளில் லேப்டாப்பும் அதே அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்தே நனையும். எஸ்எஸ்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஹார்டு டிஸ்கில் அழித்த கோப்பைப் பலநேரம் மீட்கலாம், எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனே துடைத்துவிடுவதால் மீட்பது மிகக் கடினம். சர்வீஸுக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு யாரும் பொறுப்பேற்பதும் இல்லை.

அதனால் லேப்டாப்புக்கான பணத்திலேயே ஒரு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்குக்கும் ஒதுக்கிவிடுங்கள். ‘2 டிபி பென்டிரைவ்’ என்று சில நூறு ரூபாய்க்கு வருபவை அளவைப் பொய்யாகக் காட்டுபவை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுதாக எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும், பணம் திரும்ப வாங்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். நகல் எடுக்கும்போது யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள், பல மெஷின்களில் அது நீல நிறத்தில் இருக்கும். பழைய யுஎஸ்பி 2இல் நொடிக்கு 35 எம்பிதான் வரும், 500 ஜிபி நகலுக்கு 4 மணி நேரம் ஆகும். நீலத் துளையில் ஹார்டு டிஸ்க் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும், வெளி எஸ்எஸ்டி என்றால் அரை மணிக்குள்.

மாதத்துக்கு ஒருமுறை நகல் எடுத்து, அந்த டிஸ்கை உங்கள் வீட்டில் வைக்காமல் மேட்டுப் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். சான்றிதழ், ப்ராஜெக்ட் அறிக்கை, நிலப் பத்திரம் ஸ்கேன் செய்தது போன்ற சின்னக் கோப்புகளை மட்டும் கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.